உறிஞ்சு ஹோஸை உரிய காலத்தில் மாற்றுதல்: செப்டிக் டேங்க் லாரித் தொழிலில் இருப்போருக்கு ஒரு திறந்த மடல்

பெறுவோர்: சேலம், நாமக்கல் மாவட்டங்களில் செப்டிக் டேங்க் லாரி வைத்திருக்கும் உரிமையாளர்கள், டிரைவர்கள், ஹோஸ் பிடிக்கும் தொழிலாளர்கள், தொட்டி கட்டும் பட்டறைக்காரர்கள்.



செப்டிக் டேங்க் லாரியின் உறுப்புகளில் அதிகமாகத் தேய்வதும் குறைவாகக் கவனிக்கப்படுவதும் உறிஞ்சு ஹோஸ்தான். எஞ்சின் ஆயில் மாற்றக் கிலோமீட்டர் கணக்கு உண்டு. டயரில் பட்டன் தேய்ந்ததா என்று பார்க்கும் வழக்கம் உண்டு. எஃப்.சி.க்கு நாள் குறித்திருக்கும். ஹோஸுக்கு மட்டும் நாளும் இல்லை, கணக்கும் இல்லை. கிழிந்த இடத்தில் பழைய டியூபைச் சுற்றிக் கட்டி, அது இனி முடியவே முடியாது என்றாகும் வரை ஓட்டுவதே பல வண்டிகளில் நடைமுறை. இந்த அலட்சியத்தின் விலை டீசலோடும் நேரத்தோடும் நிற்பதில்லை. ஹோஸ் இழுக்காத இடத்தில்தான் மனிதன் தொட்டிக்குள் இறங்குகிறான். ஆகவே நல்ல ஹோஸ் என்பது உயிர்காக்கும் கருவி. அதை எப்போது மாற்றுவது, எதைத் தேர்வது, எப்படி மாட்டுவது, எப்படிச் சோதிப்பது என்பதை வரிசையாகச் சொல்வதே இந்த மடலின் வேலை.

கையால் மலம் அள்ளும் பணியைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் அந்த ஆண்டு டிசம்பர் 6 முதல் நடைமுறையில் இருக்கிறது. உரிய பாதுகாப்புக் கருவியும் முன்னெச்சரிக்கையும் இல்லாமல் ஒருவரைச் சாக்கடையையோ செப்டிக் டேங்கையோ கையால் சுத்தம் செய்யவைப்பதை அது குற்றமாக்குகிறது. முதல் முறைக்கு 2 ஆண்டு வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மீண்டும் செய்தால் 5 ஆண்டு, 5 லட்சம் வரை உயரும். தொட்டிக்குள் இறந்தவரின் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014 மார்ச்சில் தீர்ப்பளித்தது. 2023 அக்டோபரில் அந்தத் தொகையை 30 லட்சமாக உயர்த்தியது. 1993 முதல் பதிவான இத்தகைய மரணங்களில் தமிழ்நாடே முன்னால் நிற்பதாக நாடாளுமன்றத்தில் அரசு தந்த கணக்குகள் காட்டின. இயந்திரம் பெருகிய மாநிலத்தில் இந்த நிலை இருப்பது, இயந்திரத்தை வாங்குவது மட்டும் போதாது, அதை வேலை செய்யும் நிலையில் வைத்திருக்கவும் வேண்டும் என்பதற்குச் சான்று.

தொட்டிக்குள் கொல்வது ஹைட்ரஜன் சல்பைடு வாயு. காற்றைவிடக் கனமானது, அதனால் குழியின் அடியில் தங்கும். அழுகிய முட்டை வாடையாக மிகச் சிறிய அளவிலேயே மூக்குக்குத் தெரியும். ஆனால் பத்து லட்சம் பங்கு காற்றில் 100 பங்கு அளவை எட்டும்போது மூக்கு மரத்துப்போகிறது, வாடையே தெரியாது. 700 பங்கைத் தாண்டினால் சில மூச்சில் ஆள் மயங்கி விழுவார். வாடை இல்லையே என்று நம்பி இறங்குபவரும், விழுந்தவரைத் தூக்க அடுத்து இறங்குபவரும் ஒன்றாகச் சாவது இதனால்தான். கசடு அசையாமல் கிடக்கும்வரை வாயுவில் பெரும்பகுதி அதற்குள்ளேயே அடைபட்டிருக்கும். ஹோஸை வைத்துக் கலக்கும்போதோ, அடைப்பு எடுக்கக் கழியால் குத்தும்போதோ அது திடீரென்று வெளிப்படும். எனவே ஹோஸ் அடிக்கடி அடைத்துக்கொள்ளும் வண்டியில், குழிக்குள் இறங்காமல் வாயிலில் குனிந்து நிற்பவருக்கும் ஆபத்து உண்டு.

லாரி பாடி கட்டும் தொழிலுக்கு நாமக்கல் நாடறிந்த ஊர். தமிழ்நாட்டின் பல ஊர்களில் ஓடும் செப்டிக் டேங்க் லாரிகளின் தொட்டிகள் நாமக்கல் பட்டறைகளில் உருண்டவை. சேஸிஸின் மேல் இரும்புத் தகட்டுத் தொட்டி, எஞ்சின் விசையால் சுழலும் வேக்கம் பம்ப், பம்புக்குள் கழிவு புகாமல் தடுக்கும் சிறு தடுப்புத் தொட்டி, உறிஞ்சுவதையும் தள்ளுவதையும் மாற்றிக் கொடுக்கும் வால்வு, பின்புறம் ஹோஸ் மாட்டும் வாய் என்பதே அமைப்பு. வீட்டுப் பக்கம் பார்த்தால், இந்தச் சமவெளியில் முறையான இரண்டறைச் செப்டிக் டேங்கைவிட, சிமென்ட் உறை இறக்கிய குழிகள் ஏராளம். உடைந்த உறையின் விளிம்பு ஹோஸை அறுக்கும். சேலத்தில் குகை, அம்மாபேட்டை, கிச்சிப்பாளையம் போன்ற நெருக்கமான பகுதிகளில் லாரி தெருமுனையில் நிற்க, ஹோஸ் சந்து வழியாக, சில வீடுகளில் நடைகூடம் வழியாகவே கொல்லைக்குப் போகிறது. கல்லிலும் படிக்கட்டிலும் மூலையிலும் இழுபடும் ஹோஸ் இங்கே மற்ற ஊர்களைவிட வேகமாகத் தேய்வது இயல்பு.

பம்ப் கழிவை நேராக இழுப்பதில்லை. அது தொட்டிக்குள் இருக்கும் காற்றை எடுத்துவிடுகிறது, வெளியே இருக்கும் காற்றின் அழுத்தம் கழிவை ஹோஸ் வழியாக மேலே தள்ளுகிறது. ஆகவே எவ்வளவு உயரம் ஏறும் என்பதற்கு இயற்கை வரம்பு உண்டு. கடல் மட்டத்தில் முழு வெற்றிடம் கிடைத்தாலும் தண்ணீர் 10.3 மீட்டருக்கு மேல் ஏறாது. பாதரசம் தண்ணீரைவிட 13.6 மடங்கு கனமானது. அதனால் வேக்கம் மீட்டர் 500 மில்லிமீட்டர் பாதரச அளவைக் காட்டினால், இழப்பே இல்லாத நிலையில் 6.8 மீட்டர் ஏற்றம் கிடைக்கும். 15 அடிக் குழி என்றால் 4.6 மீட்டர். லாரித் தொட்டியின் வாய் தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரம் என்று கொண்டால் மொத்தம் 6 மீட்டர் தாண்டிவிடும். அதாவது, ஆழமான உறைக்குழியில் எல்லாம் சரியாக இருந்தாலே நூலிழையில்தான் வேலை முடியும். சிறு கசிவு இருந்தாலும் அடிக்கசடு ஏறாது. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே காற்றழுத்தம் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. முழு வெற்றிடத்திலும் 8.6 மீட்டர்தான் ஏறும். சேலத்தில் இழுத்த அதே வண்டி மலைமேல் திணறுவதற்குப் பம்ப் காரணமல்ல. கொல்லிமலைக்கும் இதே கணக்குப் பொருந்தும். மலைக்குப் போகும் வண்டியில் பழைய ஹோஸ் இருக்கவே கூடாது.

ஹோஸில் விழும் ஓட்டை என்ன செய்யும் என்பதையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். 5 மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரே ஒரு துளை வழியாக, உள்ளே அரை வளிமண்டல வெற்றிடம் இருக்கும்போது, நிமிடத்துக்குச் சுமார் 180 லிட்டர் வெளிக்காற்று புகும். உள்ளே போனதும் அது இருமடங்காக விரியும். பம்ப் அந்தக் காற்றையும் சேர்த்து வெளியேற்ற வேண்டும். இப்படி நான்கைந்து துளைகளும், தளர்ந்த இரண்டு இணைப்புகளும் சேர்ந்தால், பம்பின் உழைப்பில் பெரும்பங்கு காற்றை இழுப்பதிலேயே போய்விடும். ஓட்டை விழுந்த குழலில் இளநீர் ஏறாததும் இதே காரணத்தால்தான். எஞ்சின் வேகத்தை ஏற்றினால் டீசல் எரியும், பம்ப் சூடாகும், உள்ளே சுழலும் தகடுகள் சீக்கிரம் தேயும். மீட்டர் முள் ஏறாது. பம்ப் போய்விட்டது என்று பட்டறைக்குக் கொண்டுபோகும் முன் ஹோஸைப் பார்ப்பது செலவைக் குறைக்கும்.

இத்தொழிலில் மூன்று வகை ஹோஸ்கள் புழங்குகின்றன. முதலாவது, கெட்டி பி.வி.சி. சுருள் பதித்த மென்மையான பி.வி.சி. ஹோஸ். எடை குறைவு, விலை குறைவு, உள்ளே ஓடுவதைக் கண்ணால் பார்க்கலாம். இரண்டாவது, துணி அடுக்கும் இரும்புக்கம்பிச் சுருளும் வைத்த கறுப்பு ரப்பர் ஹோஸ். கனம் அதிகம், விலை அதிகம். வெப்பத்தையும் இழுபாட்டையும் நன்றாகத் தாங்கும். மூன்றாவது, தட்டையாகச் சுருட்டும் கேன்வாஸ் ஹோஸ். இது உள்ளிருந்து அழுத்தம் வரும்போது மட்டுமே குழாயாக நிற்கும், உறிஞ்சும்போது அப்படியே ஒட்டிக்கொள்ளும். எனவே கேன்வாஸ் ஹோஸ் கழிவை இறக்குவதற்கு மட்டும் பயன்படும், உறிஞ்சு பக்கத்தில் மாட்டக் கூடாது. பி.வி.சி. இந்த மண்ணுக்குப் புதிதல்ல. மேட்டூரில் கெம்பிளாஸ்ட் ஆலை பி.வி.சி. பிசின் தயாரிக்கிறது. ஆனாலும் பி.வி.சி.யின் இயல்பை அறிந்து வாங்குவோர் குறைவு.

பி.வி.சி.யை வளையவைப்பது அதில் கலந்திருக்கும் இளக்கி எண்ணெய். வெயிலில் கிடக்கக் கிடக்க அந்த எண்ணெய் வெளியேறி, ஹோஸ் விறைத்து வெடிக்கிறது. சித்திரை, வைகாசியில் சேலத்து வெயில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும். லாரியின் பக்கவாட்டில் வெறுமனே தொங்கும் ஹோஸின் மேற்பரப்பு அதைவிட அதிகமாகக் கொதிக்கும். சாதாரண பி.வி.சி. ஹோஸ் பெரும்பாலும் 60 டிகிரிக்குள் வேலை செய்யவே உருவாக்கப்படுகிறது. அந்த எல்லையை நெருங்கும்போது சுவர் இளகி, உறிஞ்சும் விசையில் உள்வாங்கும். தயாரிப்பாளர் அட்டவணையில் காணும் வெற்றிடத் தாங்குதிறன் 20 டிகிரியை ஒட்டிய வெப்பத்துக்கானது என்பதை நினைவில் வைக்க வேண்டும். ரப்பரின் பகைகள் வேறு. இயற்கை ரப்பர் எண்ணெயில் ஊறி உப்பும். ஹோட்டல், கல்யாண மண்டபத் தொட்டிகளிலிருந்து வரும் சமையல் எண்ணெய்க் கசடு அதைக் கெடுக்கும். அவற்றுக்கு நைட்ரைல் ரப்பர் உள்வரி உள்ள ஹோஸ் ஏற்றது. மேலுறை அறுந்து ஈரம் உள்ளே போனால் இரும்புச் சுருள் துருப்பிடித்து முறியும். முறிந்த கம்பி உட்சுவரைக் குத்திக்கொண்டு நிற்கும்.

இன்னொரு சேதம் கண்ணுக்குத் தெரியாதது. அது பாய்மரப் படகு வைத்திருப்போரிடையே நன்கு அறியப்பட்டது. படகின் கழிப்பறையிலிருந்து சேமிப்புத் தொட்டிக்குப் போகும் ஹோஸ், எங்கும் ஓட்டை இல்லாமலே சில ஆண்டுகளில் நாறத் தொடங்கும். கழிவு தேங்கும் தாழ்வான இடங்களில் நாற்றமூட்டும் சேர்மங்கள் சுவரினூடே ஊடுருவி வெளியே வருகின்றன. இதற்குச் சோதனை எளிது. சுடுநீரில் நனைத்துப் பிழிந்த துணியை ஹோஸில் சுற்றிவைத்து, ஆறிய பிறகு எடுத்து முகர்ந்தால், துணியில் வாடை ஏறியிருக்கும் ஹோஸ் மாற்ற வேண்டியது. வெளிப்புறத்தை முதலில் சோப்புப் போட்டுக் கழுவியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் சோதனை பொய்யாகும். படகில் கடல்நீரும் சிறுநீரும் சேர்ந்து ஹோஸின் உட்சுவரில் சுண்ணாம்புப் படிவம் கட்டி வழியைக் குறுக்குகின்றன. சேலம், நாமக்கல்லின் போர்வெல் தண்ணீரும் பல இடங்களில் கடினநீரே. லாரியில் எப்போதும் கழற்றாமல் கிடக்கும் குட்டை ஹோஸ்களில், கழிவு தேங்குமானால் இதே படிவம் சேர்வதை எதிர்பார்க்கலாம்.

மாற்ற வேண்டிய ஹோஸ் தன் நிலையைத் தானே காட்டும். வளைத்தால் மேற்பரப்பில் மயிரிழை வெடிப்பு தெரிவது, சுருள் ஓரிடத்தில் தட்டையாகி மீண்டும் வட்டமாகாதது, உட்சுவர் உரிந்து தோலாகத் தொங்குவது, ரப்பரில் கொப்புளம் எழுவது, கைக்குக் கம்பி தட்டுப்படுவது, இணைப்புக்கருகே ஈரம் கசிவது, மேற்சொன்ன துணிச் சோதனையில் வாடை ஏறுவது ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலே அந்தத் துண்டை ஒதுக்க வேண்டும். உரிந்து தொங்கும் உட்சுவர் மற்றவற்றைவிட மோசம். உறிஞ்சும்போது அது கதவுபோல் மூடிக்கொள்ளும், நிறுத்தியதும் திறந்துகொள்ளும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஹோஸ் நன்றாகவே தோன்றும். குழியில் படும் முனைத்துண்டு முதலில் தேயும் என்பதால், அதை மாதந்தோறும் தலைகீழாக மாற்றிப் போடுவது ஆயுளைக் கூட்டும். வெடிப்பு முனையில் ஓர் அடிக்குள் மட்டும் இருந்தால் அதை அறுத்தெறிந்துவிட்டு இணைப்பை மீண்டும் மாட்டலாம். நடுவில் இருந்தால் ஒட்டுப்போடக் கூடாது.

புதிய ஹோஸ் வாங்கும்போது அளவு முதலில் வருகிறது. 75 மில்லிமீட்டர், அதாவது மூன்றங்குல ஹோஸ், ஒரு மீட்டரில் 4.4 லிட்டர் கொள்ளும். நூறடி நீளம் நிறைந்தால் கழிவின் எடை மட்டும் 130 கிலோவைத் தாண்டும். நான்கங்குல ஹோஸ் மீட்டருக்கு 7.9 லிட்டர் கொள்ளும், நூறடிக்கு 235 கிலோவுக்கு மேல். பெரிய ஹோஸில் அடைப்பு குறையும், ஆனால் சந்துக்குள் இரண்டு பேர் தூக்கி நடக்க முடியாது. எனவே குறுகிய தெருக்களுக்கு மூன்றங்குலமும், சாலையோரத் தொட்டிகளுக்கும் விடுதிகளுக்கும் நான்கங்குலமும் எனப் பிரித்து வைப்பது நல்லது. தொட்டி வாயின் அளவும் ஹோஸின் உள்ளளவும் ஒன்றாக இருக்க வேண்டும். நடுவில் சிறுத்தால் அங்கேதான் துணியும் நாப்கினும் சிக்கும். ஹோஸின் மேல் முழு வெற்றிடத்துக்கு ஏற்றது என்ற குறிப்பு, வளைக்கக்கூடிய குறைந்தபட்ச ஆரம், தாங்கும் வெப்பம் ஆகிய மூன்றையும் கடைக்காரரிடம் கேட்டு பில்லில் எழுதி வாங்க வேண்டும். வயல் மோட்டாருக்கு விற்கும் மெல்லிய ஹோஸ் விலையில் பாதியாக இருக்கலாம், சுவரும் பாதியாகத்தான் இருக்கும். நீளத்தில் கஞ்சத்தனம் கூடாது. ஹோஸ் எட்டாத குழியில்தான் வாளியும் கயிறும் வெளியே வருகின்றன.

மாற்றும் வேலை வெட்டவெளியில், நிழலில், தொட்டி காலியாக இருக்கும்போது நடக்க வேண்டும். முதலில் நல்ல தண்ணீரை உறிஞ்சி ஹோஸையும் வாயையும் அலசி, அந்தத் தண்ணீரைச் சுத்திகரிப்பு நிலையத்திலேயே இறக்கிவிட வேண்டும். பிறகு பம்பை விலக்கி, எஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்து வேலை செய்பவர் தம் சட்டைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும். மீட்டர் முள் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பார்த்து, காற்று வால்வைத் திறந்து உறுதி செய்த பிறகே கிளாம்ப்பில் கை வைக்கலாம். தொட்டியில் சிறிது அழுத்தம் மிச்சமிருந்தாலும் கழன்ற ஹோஸ் துள்ளி அடிக்கும், உள்ளே இருப்பது முகத்தில் பீறிடும். கனமான ரப்பர் கையுறை, முழங்கால்வரை பூட்ஸ், கண்ணாடி, முழுக்கை உடை அவசியம். துணி முகமூடி தெறிப்பைத் தடுக்கும், வாயுவைத் தடுக்காது. காலியான தொட்டிக்குள்ளும் வாயு இருக்கும். ஆகவே எது உள்ளே விழுந்தாலும் அதை எடுக்கத் தொட்டிக்குள் தலையை நுழைக்கக் கூடாது.

பழைய ஹோஸ் இணைப்பில் ஒட்டிக்கொண்டிருந்தால், நீளவாக்கில் கத்தியால் கீறி உரித்தெடுப்பதே முறை. நெருப்புக் காட்டி இளக்குவது இரண்டு வகையில் ஆபத்து. பி.வி.சி. எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு என்ற அமிலப்புகை வரும். தொட்டியில் தேங்கிய மீத்தேன் காற்றில் 5 முதல் 15 சதவீதம் கலந்திருந்தால் தீப்பொறியில் வெடிக்கும். இணைப்பின் உலோக வாயைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, துருவும் படிவமும் போக்க வேண்டும். கேம்லாக் இணைப்பானால் உள்ளிருக்கும் ரப்பர் வாஷரையும் கூடவே மாற்ற வேண்டும். ஹோஸை மாற்றி வாஷரைப் பழையதாக விட்டால் கசிவு அப்படியே இருக்கும்.

புதிய ஹோஸின் முனையை நேராக அறுப்பது முக்கியம். கோணலாக அறுத்தால் ஒருபக்கம் இணைப்பின் தோள்வரை போகாது. பி.வி.சி. ஹோஸின் முனையைச் சில நிமிடம் சுடுநீரில் வைத்தால் இளகி எளிதாக ஏறும். வழுக்கலுக்குச் சோப்புத் தண்ணீர் போதும். கிரீஸோ எஞ்சின் ஆயிலோ தடவினால் ஹோஸ் பின்னாளில் நழுவும், ரப்பரும் கெடும். இணைப்பின் மீது ஹோஸ் முழுவதும் ஏறியபின் இரண்டு கிளாம்ப்கள் போட வேண்டும். அவற்றின் திருகுகள் எதிரெதிர்ப் பக்கத்தில் இருந்தால் இறுக்கம் சுற்றிலும் சமமாகும். கிளாம்ப் எவர்சில்வரில் இருப்பது நல்லது. சாதாரண இரும்பை ஹைட்ரஜன் சல்பைடும் ஈரமும் வேகமாக அரிக்கும். கட்டுக்கம்பியை முறுக்கிக் கட்டுவது கிளாம்ப்புக்கு மாற்றாகாது. கம்பி ஓரிடத்தில் ஹோஸை அறுக்கும், மற்ற இடத்தில் தளர்ந்திருக்கும். முதல் நாள் வேலை முடிந்ததும் கிளாம்ப்களை மறுபடி ஒருமுறை இறுக்க வேண்டும். புதிய ஹோஸ் அழுந்தி இடம் கொடுத்திருக்கும்.

மாட்டியதைச் சோதிக்காமல் தெருவுக்கு எடுத்துச் செல்லக் கூடாது. முதலில் தொட்டி வாயை மூடிவைத்து மீட்டரை 500 மில்லிமீட்டருக்கு ஏற்றி, பம்ப் வால்வை அடைத்துப் பத்து நிமிடம் பார்க்க வேண்டும். முள் இறங்கினால் கசிவு தொட்டியிலோ வால்விலோ இருக்கிறது. இறங்காவிட்டால், ஹோஸை மாட்டி, அதன் முனையை மூடியால் அடைத்து, இதே சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும். இப்போது இறங்கினால் குறை ஹோஸிலோ இணைப்பிலோ உண்டு. அதன் இடத்தைக் கண்டுபிடிக்க, ஹோஸின் மேல் மெல்லிய பாலித்தீன் தாளை நகர்த்திக்கொண்டே வந்தால் துளையில் தாள் ஒட்டிக்கொள்ளும். சோப்பு நுரையால் பார்ப்பதென்றால் உறிஞ்சும்போது பயனில்லை. பட்டறை குறித்துக் கொடுத்த அளவைத் தாண்டாமல் சிறிதளவு அழுத்தம் ஏற்றிப் பார்த்தால்தான் குமிழி வெளியே வரும்.

வெளியே தெரியும் ஹோஸோடு வேலை முடிவதில்லை. தொட்டிக்கும் தடுப்புத் தொட்டிக்கும் இடையிலும், தடுப்புத் தொட்டிக்கும் பம்புக்கும் இடையிலும் குட்டை ஹோஸ்கள் உண்டு. அவை ஓட்டுநர் கண்ணில் படாததால் ஆண்டுக்கணக்கில் மாற்றப்படுவதில்லை. பம்புக்கருகே உள்ளது எண்ணெய் ஆவியிலும் சூட்டிலும் இருப்பதால் அதற்கு எண்ணெய் தாங்கும் ரப்பரே ஏற்றது. பம்ப் வெளியேற்றும் காற்றில் தொட்டியின் நச்சு வாயு முழுவதும் இருக்கிறது. அந்த வெளியேற்றுக் குழாய் உடைந்து வண்டியின் ஓரத்தில் காற்றை விட்டால், வால்வருகே நிற்பவர் வேலை நேரமெல்லாம் அதைச் சுவாசிப்பார். வெளியேற்றுக் குழாய் கேபினுக்கு மேலே உயர்ந்து, ஆள் நிற்கும் பக்கத்துக்கு எதிரே திறக்க வேண்டும். உறிஞ்சு ஹோஸ் மாற்றும்போதெல்லாம் இதையும் பார்ப்பது வழக்கமாக வேண்டும்.

ஹோஸின் ஆயுளும் தொழிலாளியின் உடல்நலமும் கழுவுவதில் ஒன்றுசேர்கின்றன. ஒவ்வொரு நாளும் கடைசி லோடுக்குப் பிறகு தண்ணீர் உறிஞ்சி அலசி, வெளிப்புறத்தைத் தேய்த்துக் கழுவி, முனைகளை மூடி, வெயில் படாமல் மூடிய தாங்கியில் வைக்க வேண்டும். கிருமி நீக்க, 30 சதவீதக் குளோரின் உள்ள பிளீச்சிங் பவுடர் 170 கிராமைப் பத்து லிட்டர் தண்ணீரில் கரைத்தால் அரை சதவீதக் கரைசல் கிடைக்கும். அழுக்கைக் கழுவிய பிறகே இதை ஊற்ற வேண்டும், அழுக்கின்மேல் ஊற்றினால் குளோரின் வீணாகும். சற்று நேரம் ஊறியபின் நல்ல தண்ணீரால் அலசாவிட்டால் உலோகமும் ரப்பரும் கெடும். பிளீச்சிங் பவுடரோடு கழிப்பறை ஆசிட்டைக் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும், இரண்டையும் ஒரே இடத்தில் வைக்கவே கூடாது. ஹோஸ் பிடிக்கும் ஒவ்வொருவருக்கும் டெட்டனஸ், டைபாய்டு, மஞ்சள்காமாலை ஏ, பி தடுப்பூசிகளும், குடற்புழு மருந்தும் மருத்துவரிடம் கேட்டு உரிமையாளர் செலவில் தரப்பட வேண்டும்.

கழற்றிய பழைய ஹோஸ் எங்கே போகிறது என்பதும் இந்தக் கணக்கில் சேரும். அது தோட்டத்துக்கோ, கோழிப்பண்ணைக்கோ, குடிநீர் லாரிக்கோ போகக் கூடாது. நாற்றம் ஊறிய சுவரிலும் வெடிப்புகளிலும் புழு முட்டையும் கிருமியும் ஒளிந்திருக்கும், பிளீச்சிங் அங்கே எட்டாது. எரிக்கவும் கூடாது. கழுவிக் காயவைத்து, மறுபடி குழாயாகப் பயன்படாதபடி துண்டு துண்டாக அறுத்து, உள்ளாட்சியின் குப்பைச் சேகரிப்பில் ஒப்படைப்பதே முறை.

நல்ல ஹோஸ் வழியாக ஏறிய கழிவு சரியான இடத்தில் இறங்கினால்தான் வேலை நிறைவாகும். ஏற்காட்டு மலையில் பிறந்து சேலம் நகரினூடே ஓடி, நாமக்கல் மாவட்டத்தைக் கடந்து காவிரியில் சேர்கிறது திருமணிமுத்தாறு. அதில் இறக்கும் ஒவ்வொரு லோடும் கீழே உள்ள கிணறுகளுக்கும் பாசனத்துக்கும் போகிறது. தமிழ்நாட்டின் முதல் மலக்கசடு சுத்திகரிப்பு நிலையம் 2017இல் கருங்குழியில் வந்தது. அதன்பின் பல ஊர்களில் நிலையங்கள் வந்தன, கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்களிலும் லாரிக் கசடு ஏற்கப்படுகிறது. உள்ளாட்சியின் உரிமம் பெற்ற வண்டி மட்டுமே ஓடலாம், குறித்த இடத்தில் மட்டுமே இறக்கலாம் என்பது விதி. உரிமம் தரும்போதும் புதுப்பிக்கும்போதும் உள்ளாட்சிகள் வண்டியின் தாளோடு ஹோஸையும் வேக்கம் மீட்டரையும் பார்த்தால், ஓட்டை ஹோஸுடன் ஒரு வண்டியும் தெருவுக்கு வராது.

இவற்றை நடைமுறையாக்க உரிமையாளர் செய்ய வேண்டியது பெரிதல்ல. ஒவ்வொரு துண்டு ஹோஸிலும் வாங்கிய மாதமும் ஆண்டும் அழியாத பெயின்டால் எழுதப்பட வேண்டும். மாதம் ஒருமுறை மீட்டர் சோதனை நடந்து, முடிவு ஒரு நோட்டில் பதிவாக வேண்டும். ஒரு முழுத் துண்டு ஹோஸும், இரண்டு வாஷரும், நான்கு கிளாம்ப்பும் எப்போதும் வண்டியில் உபரியாக இருக்க வேண்டும். ஆயில் மாற்றுவதற்கு எடுத்துவைப்பதுபோல் லோடு வருமானத்தில் ஒரு பங்கு ஹோஸுக்கென்று ஒதுக்கப்பட வேண்டும். பட்டறைக்காரர்கள் புதிய தொட்டி கட்டும்போதே வெயில் மறைக்கும் ஹோஸ் தாங்கி, உயரமான வெளியேற்றுக் குழாய், படிக்கக்கூடிய இடத்தில் மீட்டர் ஆகியவற்றைச் சேர்த்துக் கட்டினால் வண்டியின் ஆயுள் முழுவதும் பயன் தரும். சங்கங்கள் ஒன்றாகச் சேர்ந்து மொத்தமாக வாங்கினால் தரமான ஹோஸின் விலை குறையும், மெல்லிய ஹோஸை நாடும் அவசியம் போகும்.

டிரைவருக்கும் ஹோஸ் பிடிப்பவருக்கும் ஓர் உரிமை எழுத்தில் தரப்பட வேண்டும். ஹோஸ் இழுக்கவில்லை என்றால் வேலையை நிறுத்தி, வண்டியைத் திருப்பிக் கொண்டுவரலாம், அன்றைய கூலி குறையாது என்பதே அது. வீட்டுக்காரர் எவ்வளவு வற்புறுத்தினாலும், அடிக்கசடு பாதி நின்றுபோனாலும், அதற்கு விடை தண்ணீர் ஊற்றிக் கலக்கி மீண்டும் உறிஞ்சுவது, அல்லது நல்ல ஹோஸுள்ள வேறு வண்டியை அழைப்பது. செப்டிக் டேங்க் சுத்தம் செய்ய வண்டியை அழைக்க 14420 என்ற எண்ணும் இருக்கிறது. குழிக்குள் ஆளை இறக்குவது எந்த நிலையிலும் விடையல்ல.